"லோக்கலை எடுத்துடுங்க டீச்சர்" என்று பதில் எழுதிய பதினைந்து பேருக்கும்



நீளமான பதிவு. பழைய குரூப் போட்டோவை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும், அது அடுத்த வாரம். இன்று எனக்குக் கொஞ்சம் கோபம். யார் மீது என்று படிக்கப் படிக்கத் தெரியும். அதில் கொஞ்சம் என் மீதும் உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு சின்னக் கேள்வி போட்டிருந்தேன். என் பேரன் லுவா மொழியில் எழுதும் புரோகிராமில் ஒரு எரர் வருகிறது, அவனுக்கு ஆன்லைனில் வகுப்பெடுப்பவர் ஒரு வழி சொல்லியிருக்கிறார், அது சரியா என்று கேட்டிருந்தேன். பதினேழு பேர் பதில் எழுதினீர்கள். இத்தனை பேர் கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறீர்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், சந்தோஷம். ஆனால் பதினேழில் பதினைந்து பேர் அந்த வகுப்புக்காரர் சொன்னதையே சொன்னீர்கள். "லோக்கலை எடுத்துடுங்க டீச்சர், ஓடும்."

எடுத்தோம். ஓடியது. என் புகாரே அதுதான்.

கம்ப்யூட்டர் பக்கம் போகாத அக்கா, மதினிமார்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். பேரன் எட்டாம் வகுப்பு. கடலைக் காட்டில் எலி வரும், அடிக்க வேண்டும், அடித்தால் மார்க். இப்படி ஒரு விளையாட்டை அவனே எழுதுகிறான். லவ் என்று ஒரு இலவச விளையாட்டுக் கட்டமைப்பு இருக்கிறது (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் பெயர்). அதில் லுவாவில் எழுத வேண்டும். எலிக்கு ஒரு ஃபைல், மார்க்குக்கு ஒரு ஃபைல், இரண்டையும் இழுத்துக்கொள்ளும் மெயின் ஃபைல் ஒன்று. எலி ஃபைலில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் பார்த்தால் இவ்வளவுதான் இருந்தது. கீபோர்டில் ஆங்கிலத்தில் அடிப்பதை எல்லோரும் படிக்கும்படி தமிழ் எழுத்தில் தருகிறேன்.

லோக்கல் ஃபங்ஷன் எலி_செத்தது()
ரீசெட்()
எண்ட்

லோக்கல் ஃபங்ஷன் ரீசெட்()
எலிகளை மறுபடி வளைக்குள் வை
எண்ட்

ஓட்டினால் முதல் எலி செத்ததும் நீலத் திரை வருகிறது. அதில் எழுதியிருப்பதன் அர்த்தம்: ரீசெட் என்ற குளோபலை அழைக்கப் பார்த்தேன், அங்கே இருப்பது நில். நில் என்றால் லுவாவில் ஒன்றுமில்லாதது.

இதைப் பார்த்துவிட்டுப் பையன் வகுப்பில் கேட்ட கேள்வியைத்தான் நீங்கள் எல்லோரும் கவனிக்க வேண்டும். "சார், நான் லோக்கல்னுதானே எழுதியிருக்கேன், அது ஏன் குளோபல்னு சொல்லுது?"

முப்பத்துமூன்று வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவள் சொல்கிறேன், இப்படி ஒரு கேள்வி வருஷத்துக்கு இரண்டோ மூன்றோதான் வரும். எரர் செய்தியில் இருக்கும் ஒரே தடயம் குளோபல் என்ற அந்த ஒரு சொல். பையன் அதைச் சரியாகப் பிடித்துவிட்டான். அதற்கு அவனுக்குக் கிடைத்த பதில், "லுவா அப்படித்தான்பா. எல்லா ஃபங்ஷன்லயும் லோக்கலை எடுத்துரு, சரியாயிடும்."

அந்த வகுப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன், மெசஞ்சரில் வந்து கேட்காதீர்கள். அவரும் நாலு இடத்தில் ஓடி ஓடிப் பாடம் எடுப்பவராக இருக்கலாம். ஆனால் அந்தப் பதில் தப்பு. நீங்கள் பதினைந்து பேர் சொன்னதும் தப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உண்மையில் நடப்பதைப் பார்ப்போம். "லுவாவில் ஃபங்ஷனை அழைப்பதற்கு முன் எழுதியாக வேண்டும்" என்று ஒரு விதியைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்த விதியே அரைகுறை. குளோபல் ஃபங்ஷன் என்றால் கீழே எழுதியதை மேலே இருக்கும் ஃபங்ஷனுக்குள் தாராளமாகக் குறிப்பிடலாம், அழைக்கும் நேரத்தில் அது உருவாகியிருந்தால் போதும். லோக்கல் என்றால்தான் தகராறு. அந்தத் தகராறும் ஃபங்ஷனைப் பற்றியது கிடையாது. பெயரைப் பற்றியது.

லுவாவில் ஃபங்ஷன் என்பது எண்ணைப் போல, எழுத்துச்சரத்தைப் போல ஒரு மதிப்பு. ஒரு மாறிக்குள் ஐந்து என்று போடுவது போலவே ஒரு ஃபங்ஷனையும் போடலாம். "ஃபங்ஷன் ரீசெட்()" என்று எழுதினால், ரீசெட் என்ற மாறிக்குள் இந்த ஃபங்ஷனைப் போடு என்றுதான் அர்த்தம். ஆக எழுதும் இடத்தில் நடப்பது ஒரு சாதாரண மதிப்பிடல், x = 5 மாதிரி. அந்த வரி ஓடும்வரை மாறிக்குள் ஒன்றும் இருக்காது.

இப்போது வகுப்பு வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃபைலும் ஒரு வகுப்பறை. லோக்கல் என்று எழுதினால் அந்தப் பெயர் நம் வகுப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. லோக்கல் இல்லாமல் எழுதினால் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே தொங்கும் பொதுப் பலகையில் ஏறுகிறது. பள்ளி முழுவதற்கும் அந்த ஒரே பலகைதான்.

லுவா நம் ஃபைலை மேலிருந்து கீழே ஒரே தடவை படித்து, தனக்குள்ளான உத்தரவுகளாக மாற்றிக்கொள்கிறது. திரும்ப மேலே போய்ப் பார்க்கும் வழக்கம் அதற்குக் கிடையாது. எலி_செத்தது என்பதற்குள் ரீசெட் என்ற பெயர் வந்ததும் பதிவேட்டைப் பார்க்கிறது. இதுவரை எழுதிய பெயர்களில் ரீசெட் இல்லை. உடனே "இது வெளிப் பெயர், ஓடும்போது பொதுப் பலகையில் பார்த்துக்கொள்" என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிடுகிறது. நாலு வரி தள்ளி நாம் ரீசெட்டைப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். ஏற்றியது சரிதான், ஆனால் முன்பு எழுதிய சீட்டு மாறவில்லை. எலி சாகிறது, சீட்டை எடுக்கிறது, பலகைக்குப் போகிறது, பலகையில் அந்தப் பெயரே இல்லை. நில்.

பையன் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அவன் ரீசெட்டை லோக்கலாகத்தான் எழுதினான். ஆனால் அவன் அழைத்த ரீசெட் அது இல்லை. அதே பெயருள்ள வேறொன்று, இல்லாத ஒன்று.

நம்பாதவர்கள் சோதித்துப் பார்க்கலாம். லுவா 5.1 வைத்திருந்தால் அதோடு லுவாசி என்ற கருவி வரும். மைனஸ் எல் போட்டு இந்த ஃபைலைக் கொடுங்கள், லுவா எழுதிய சீட்டுகளை அப்படியே காட்டும். அழைக்கும் வரிக்கு நேராக கெட்குளோபல் என்று இருக்கும். ரீசெட்டை மேலே தூக்கி வைத்துவிட்டு மறுபடி ஓட்டினால் அதே வரிக்கு கெட்அப்வேல் என்று மாறியிருக்கும். அதாவது வெளியே சுற்றியுள்ள லோக்கல் மாறியிலிருந்து எடு. நானும் பேரனும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவனுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். இந்தப் பத்து நிமிஷத்தை அந்த வகுப்பில் கொடுத்திருக்கலாம்.

சரி, லோக்கலை எடுத்தால் என்ன ஆனது? பையன் சொன்னபடியே எல்லா ஃபைலிலும் எல்லா லோக்கலையும் எடுத்தான். எரர் போய்விட்டது. வகுப்புக்காரர் கட்டைவிரல் படம் அனுப்பினார். அதற்குப் பிறகு மூன்று சாயங்காலம் பையன் அழாத குறை.

மார்க் ஃபைலிலும் ஒரு ரீசெட் இருந்தது. மார்க்கைச் சைபர் ஆக்குவதற்கு. அது முன்பு லோக்கலாக, சரியான இடத்தில், ஒரு தொந்தரவும் செய்யாமல் இருந்தது. லோக்கலை எடுத்ததும் இரண்டு ரீசெட்டும் ஒரே பொதுப் பலகைக்குப் போயின. மெயின் ஃபைல் முதலில் எலியை இழுத்தது, பிறகு மார்க்கை. பலகையில் எலியின் ரீசெட் மீது மார்க்கின் ரீசெட் எழுதப்பட்டுவிட்டது. லுவா இதற்கு வாயைத் திறக்காது. ஒரு மாறிக்குப் புது மதிப்பு கொடுத்தால் அது எதற்கு எச்சரிக்க வேண்டும்? எலி செத்ததும் ரீசெட்டை அழைக்கிறது. எலி வளைக்குத் திரும்பவில்லை, ஆனால் மார்க் சைபர் ஆகிறது. எலியை அடித்தால் மார்க் போகிறது! எரர் இல்லை, நீலத் திரை இல்லை. மார்க் ஃபைலில்தான் தப்பு என்று நினைத்துப் பையன் அதையே நூறு தடவை படிக்கிறான். அங்கே ஒரு தப்பும் இல்லை.

முதலில் வந்தது ஒரு நல்ல எரர். இடத்தைச் சொன்னது, பெயரைச் சொன்னது, குளோபல் என்று காரணத்தையும் பாதி சொன்னது. அதை நிறுத்தி அதற்குப் பதிலாக ஊமைப் பிழை ஒன்றைக் கொடுத்திருக்கிறோம். காய்ச்சலுக்கு மருந்து கேட்டால் தெர்மாமீட்டரை உடைத்த கதை.

பெங்களூரில் இருக்கும் மாணவன் ஒருவன் (பெயர் வேண்டாம், எட்டு பி, ஜன்னலோரம்) எழுதியிருந்தான்: "டீச்சர், பைத்தான்ல நாங்க எல்லாம் இப்படித்தான் எழுதுறோம். எந்த ஃபங்ஷனும் எந்த வரிசையிலும் இருக்கலாம், ஒண்ணும் ஆகாது." நீ சொல்வது பைத்தானுக்குச் சரி தம்பி. அங்கே குளோபல் என்று நீங்கள் சொல்வது அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் குளோபல். ஒவ்வொரு வகுப்பறை வாசலிலும் தனித்தனிப் பலகை. எலி ஃபைலின் ரீசெட்டும் மார்க் ஃபைலின் ரீசெட்டும் அங்கே மோதிக்கொள்ளாது. லுவாவில் நாமாக ஏற்பாடு செய்யாதவரை புரோகிராம் முழுவதற்கும் ஒரே பலகை. குளோபல் என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்று, அதன் அளவு வேறு. அங்கே பழகிய கையை இங்கே அப்படியே நீட்டுவதுதான் ஆபத்து. உன் பதில் சோம்பேறிப் பதில் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேற்றூர்ப் பதில்.

இன்னும் இரண்டு பேர் வேறு மாதிரி சொன்னீர்கள். "லோக்கல் இருக்கட்டும் டீச்சர், ரீசெட்டை மேலே தூக்கி வையுங்கள்." இது சரியான பதில். இந்த இடத்துக்கு இதுவே போதும். உதவி செய்யும் சின்ன ஃபங்ஷன்கள் மேலே, அவற்றைக் கூப்பிடும் பெரியவை கீழே. லுவா ஃபைலைக் கீழிருந்து மேலே படித்தால் கதை புரியும் என்று சொல்வார்கள், பழகிவிட்டால் அதுவும் ஒரு சௌகரியம்தான். ஆனால் இதையும் காரணம் சொல்லாமல் கொடுத்தால் ஒரு வாரத்தில் மாட்டிக்கொள்வான். மாட்டிக்கொண்டான்.

விளையாட்டுக்கு ஒரு மெனு வைத்தான். மெனுவில் "ஆடு" என்று தொட்டால் ஆட்டம் தொடங்க வேண்டும். ஆட்டம் முடிந்தால் மெனுவுக்குத் திரும்ப வேண்டும். மெனு ஆட்டத்தைக் கூப்பிடுகிறது, ஆட்டம் மெனுவைக் கூப்பிடுகிறது. "பாட்டி, இதுல எதை மேல வைக்கறது?" என்றான்.

எதை வைத்தாலும் ஒன்று உதைக்கும். எந்த வரிசையிலும் தீராது. "மேலே தூக்கி வை" என்பதை விதியாக மட்டும் கற்றவன் இங்கே மறுபடி லோக்கலை எடுக்கத்தான் போவான், அவனுக்கு வேறு என்ன தெரியும்? பதிவேடும் சீட்டும் தெரிந்தவனுக்கு வழி தானாகத் தெரியும். லுவா தேடுவது பெயரை மட்டும்தானே. ஃபங்ஷன் பிறகு வரட்டும், பெயரை முதலில் பதிவேட்டில் ஏற்றிவிடு.

லோக்கல் ஆட்டம்

லோக்கல் ஃபங்ஷன் மெனு()
ஆடு தொட்டால் ஆட்டம்()
எண்ட்

ஃபங்ஷன் ஆட்டம்()
முடிந்தால் மெனு()
எண்ட்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, இன்னும் வந்து சேராத பிள்ளையின் பெயரையும் பதிவேட்டில் எழுதி எதிரே கட்டத்தைக் காலியாக விடுவோமே, அதுதான் முதல் வரி. பெயர் இருக்கிறது, உள்ளே நில். மெனு என்ற ஃபங்ஷனை லுவா படிக்கும்போது ஆட்டம் பதிவேட்டில் இருப்பதைப் பார்த்து, அந்த இடத்தைக் குறித்துக்கொள்கிறது. பிறகு கட்டம் நிரம்புகிறது. மெனு ஓடும் நேரத்தில் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

இதில் எல்லோரும் விழும் ஒரு குழி உண்டு, நானும் விழுந்தேன். கீழே ஆட்டத்தை எழுதும்போது பழக்கதோஷத்தில் "லோக்கல் ஃபங்ஷன் ஆட்டம்" என்று எழுதிவிடுவது. அந்த லோக்கல் இருக்கக் கூடாது. இருந்தால் அது இரண்டாவது ஆட்டம், புது வரி. ஒரே வகுப்பில் இரண்டு செல்வி. மெனு கூப்பிடுவது முதல் செல்வியை, அவள் வரவே மாட்டாள். இந்தத் தடவை எரர் செய்தியில் குளோபல் என்று வராது, அப்வேல்யூ என்று வரும். இந்த வித்தியாசத்தைப் படிக்கத் தெரிந்தால் எந்தக் குழியில் விழுந்தோம் என்று செய்தியே சொல்லிவிடும். அதனால்தான் அந்தச் சொற்களைப் படி படி என்கிறேன். திரை நீலமானதும் மூடிவிடாதீர்கள்.

உங்களில் இன்ஜினியரிங் படித்தவர்கள் டர்போ சி-யில் மெயினுக்கு மேலே புரோட்டோடைப் எழுதினீர்கள் அல்லவா? "ஏன் எழுதுகிறோம்" என்று கேட்டபோது "எழுதலைன்னா எரர் வரும்" என்று பதில் வந்ததாகப் பல பேர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். இதுவும் அதே குடும்பம்தான், ஆனால் ஒன்றே கிடையாது. சி-யில் எழுதுவது ஒரு வாக்குறுதி: இப்படி ஒரு ஃபங்ஷன் பிறகு வரும், இன்ன வகை வாங்கும், இன்ன வகை கொடுக்கும். லுவாவில் எழுதுவது ஒரு காலிப் பெட்டி. அதற்குள் என்ன வரும் என்று லுவா கேட்பதில்லை. பாஸ்கலில் இதற்கென்றே ஃபார்வர்ட் என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். லுவாவுக்கு அது தேவைப்படவில்லை, ஏனென்றால் சாதாரண மாறி அறிவிப்பே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அடுத்து "லுவாவே ஒரு மட்டமான மொழி, ஜாவாஸ்கிரிப்ட்டில் இந்தத் தலைவலி இல்லை" என்று எழுதிய என் தம்பி மகனுக்கு. மாப்பிள்ளை, ஜாவாஸ்கிரிப்ட்டில் ஃபங்ஷன் அறிவிப்புகளை அதுவே மேலே தூக்கிக்கொள்கிறது, உண்மை. அந்த மொழியில் ஒரு பெயர் அது இருக்கும் தொகுதி முழுவதற்கும் செல்லும். லுவாவில் லோக்கல் பெயர் அறிவித்த வரிக்கு அடுத்ததிலிருந்துதான் செல்லும். இது மறதியால் வந்ததில்லை. "லோக்கல் பிரிண்ட் = பிரிண்ட்" என்று லுவாக்காரர்கள் எழுதுவார்கள். வலப்பக்கம் இருக்கும் பிரிண்ட் பொதுப் பலகையில் இருப்பது, இடப்பக்கம் பிறப்பது நம் பதிவேட்டுப் பெயர். அறிவிப்பு முடிந்த பிறகுதான் புதுப் பெயர் செல்லுபடியாகும் என்பதால்தான் இந்த ஒரு வரி இப்படி வேலை செய்கிறது.

அதே விதிதான், தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷனில் இன்னொரு வேடிக்கையைக் காட்டும். "லோக்கல் பெருக்கு = ஃபங்ஷன்" என்று எழுதி அதற்குள்ளேயே பெருக்கைக் கூப்பிட்டால், உள்ளே இருப்பது பொதுப் பலகைப் பெருக்கு. அறிவிப்பு இன்னும் முடியவில்லையே. ஆனால் "லோக்கல் ஃபங்ஷன் பெருக்கு" என்று எழுதினால் சரியாக ஓடும். காரணம், லுவா அதை இரண்டு வரியாக எடுத்துக்கொள்கிறது: முதலில் லோக்கல் பெருக்கு, பிறகு பெருக்கு = ஃபங்ஷன். மெனுவுக்கும் ஆட்டத்துக்கும் நாம் கையால் செய்ததை, ஒற்றை ஃபங்ஷனுக்கு மொழியே செய்து கொடுத்திருக்கிறது. இதை எழுதியவர்கள் யோசிக்காமல் விட்டார்கள் என்று சொல்ல முடியுமா?

அவர்கள் யார் என்றும் சொல்லிவிடுகிறேன், பிடித்த விஷயம். லுவா பிறந்தது 1993-இல், பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில். ராபர்ட்டோ இருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக் டி ஃபிகுவெய்ரெடோ, வால்டெமார் செலெஸ் என்று மூன்று பேர். அந்த நாட்டில் 1977 முதல் 1992 வரை வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் சாமான்களுக்கும் மென்பொருளுக்கும் பெரிய தடைகள் இருந்தன. வேண்டியதை உள்ளூரிலேயே செய்துகொள்ளும் பழக்கம் அப்படி வந்தது. பெட்ரோபிராஸ் என்ற அவர்கள் நாட்டு எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்களுக்காக, புரோகிராம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டிராத ஆட்களுக்காக இதைச் செய்தார்கள். முன்னால் செய்த மொழிக்கு சோல் என்று பெயர், போர்த்துகீசிய மொழியில் சூரியன். அடுத்ததற்கு லுவா, நிலா. சாதாரண ஆட்களும் முழுசாகப் புரிந்துகொள்ளும் அளவுக்குச் சிறியது. 5.4 பதிப்பில் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 22. நம் உயிரும் மெய்யும் சேர்ந்தாலே 30.

இவ்வளவு சின்ன மொழியில்கூடக் காரணத்தைச் சொல்லாமல் "அப்படித்தான்பா" என்று தாண்டினால், பிறகு எந்த இடத்தில்தான் சொல்வோம்?

லுவா மீது எனக்கு ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். ஒன்றும் சொல்லாமல் எழுதினால் பெயர் குளோபல் ஆகிவிடுவதும், இல்லாத பெயரைக் கேட்டால் சத்தமில்லாமல் நில் கொடுப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு எழுத்துப் பிழை கூட அமைதியாக ஒரு புதுக் குளோபல் ஆகிவிடும். அறிவிக்காத பெயரைத் தொட்டால் சத்தம் போட வைக்கும் ஸ்ட்ரிக்ட் என்ற சின்ன ஃபைலை லுவா 5.1 மூலக்குறியோடே சேர்த்துக் கொடுத்தார்கள். லுவாசெக் என்று ஒரு கருவியும் இருக்கிறது, ஓட்டுவதற்கு முன்பே "இந்தப் பெயர் எங்கேயும் அறிவிக்கப்படவில்லை" என்று வரி எண்ணோடு காட்டும். வகுப்பெடுப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றை முதல் நாளே போட்டுக் கொடுத்தால் பாதிக் கண்ணீர் மிச்சம்.

குளோபலே பாவம் என்று நான் சொன்னதாகத் திரிக்க வேண்டாம். இருபது வரியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க குளோபல் போதும், நானும் அப்படித்தான் எழுதுகிறேன். தெரிந்து எழுது என்கிறேன். எரரை வாயடைக்க எழுதாதே.

கடைசியாக ஒரு வழி, பெரிய ஃபைல் எழுதுபவர்களுக்கு. ஒரு ஃபங்ஷனுக்குள் 200 லோக்கல் மாறிகள்தான் லுவா அனுமதிக்கும், ஒரு ஃபைலும் அதன் கணக்கில் ஒரு ஃபங்ஷன்தான். அதனால் லோக்கல் எலி = {} என்று ஒரே ஒரு டேபிளை மேலே வைத்துவிட்டு, எலி.செத்தது, எலி.ரீசெட் என்று எல்லாவற்றையும் அதற்குள் போடலாம். டேபிள் பெயர் ஒன்றுதான் பதிவேட்டில் ஏற வேண்டும். உள்ளே இருப்பதை ஓடும் நேரத்தில்தான் தேடும், எனவே எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபைலின் கடைசியில் ரிட்டர்ன் எலி. மார்க் ஃபைலின் ரீசெட்டோடு மோதவே மோதாது. பேரனின் விளையாட்டு இப்போது இப்படித்தான் இருக்கிறது. எலி திரும்பி வளைக்குப் போகிறது.

என் மீதும் கோபம் உண்டு என்று முதலில் சொன்னேன். ஆறாம் வகுப்பில் பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க, "தலைகீழாக்கிப் பெருக்கு" என்று எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தேன்! ஒரு வருஷம் ஒரு பெண் பிள்ளை எழுந்து, "ஏன் டீச்சர் கவிழ்க்கணும்?" என்று கேட்டாள். பரீட்சைக்குப் பத்து நாள். "அப்படித்தான்மா, மனப்பாடம் பண்ணிக்கோ" என்றேன். அவள் அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்கக் கேள்வியே கேட்கவில்லை. முக்கால் லிட்டர் பாலைக் கால் லிட்டர் டம்ளரில் ஊற்றினால் எத்தனை டம்ளர் என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வருஷம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அதைத்தான். பேரன் அந்த வகுப்பை முடித்துவிட்டு வந்து, "நான் ஏதோ தப்பாக் கேட்டுட்டேன் போல பாட்டி" என்று சொன்னபோது எனக்கு ஞாபகம் வந்தது அவள் முகம்தான். அவளும் இந்தப் பதிவைப் படிப்பாள் என்று நினைக்கிறேன். மன்னித்துக்கொள் கண்ணு.

ஆகையால் பதினைந்து பேரும், குறிப்பாக வீட்டில் டியூஷனும் கோடிங் வகுப்பும் எடுக்கும் நாலு பேரும், லைக் போட்டுவிட்டு நழுவ வேண்டாம். மேலே இருக்கும் மெனு, ஆட்டம் இரண்டையும் லோக்கலாகவே வைத்து, முதலில் பெயரை அறிவிக்காமல், டேபிளும் வைக்காமல் ஓடும்படி எழுத முடியும் என்று நினைப்பவர்கள் கமெண்டில் எழுதிக் காட்டுங்கள். நானும் பேரனும் ஓட்டிப் பார்க்கிறோம். இரண்டையும் ஒரே வரியில் அறிவிக்கலாமே என்று நேற்று அவனே கண்டுபிடித்து, "லோக்கல் மெனு, ஆட்டம்" என்று ஃபைல் தலையில் எழுதி வைத்திருக்கிறான். அப்படிச் செய்துவிட்டு மெனுவுக்கு முன்னால் பழைய லோக்கலை எடுக்க மறந்து, இப்போது வேறொரு நீலத் திரை. செய்தியில் என்ன சொல் இருக்கிறது பார் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன்.